மூன்று அறை, ஒரே சர்வர்: எதைப் போடலாம்?

கூடத்து டிவி, படுக்கையறை டேப்லெட், பிள்ளைகளின் போன் எல்லாவற்றிலும் ஒரே தொகுப்பிலிருந்து படம் பார்க்க வேண்டுமா? அதற்கு ஒரு மீடியா சர்வர் வேண்டும், அதாவது படங்களை ஒரே கணினியில் வைத்து மற்ற கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள். முதலில் ஜெல்லிஃபினைப் (Jellyfin) போட்டுப் பாருங்கள். 2018-இல் எம்பி (Emby) என்ற இன்னொரு மீடியா சர்வரிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள் இது. ட்யூனர் (டிவி சிக்னலைப் பிடிக்கும் கருவி) இருந்தால் டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் காசு கேட்காது. இதே வேலையைச் செய்யும் ப்ளெக்ஸிலும் (Plex) எம்பியிலும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆனால் ப்ளெக்ஸ் ஆப்தான் அதிக டிவிகளில் கிடைக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

படம் திக்கித் திக்கி ஓடினால் உடனே வைஃபையைத் திட்டாதீர்கள். ஜெல்லிஃபின் டாஷ்போர்டை (நிர்வாகப் பக்கத்தை) திறந்து பாருங்கள். படம் ட்ரான்ஸ்கோட் ஆகிறதா, அதாவது சர்வர் அதை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறதா? பல நேரம் ப்ளூ-ரே சப்டைட்டில்தான் காரணம். அந்த எழுத்துகள் எழுத்தாக இல்லாமல் பிம்பங்களாகவே இருப்பதால், சர்வர் அவற்றைக் காட்சியோடு ஒட்டி வீடியோவையே மறுபடி உருவாக்க வேண்டியிருக்கிறது. வெறும் எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி (SRT) சப்டைட்டிலுக்கு மாற்றிப் பாருங்கள்.