செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு அரூப (அப்ஸ்ட்ராக்ட்) ஓவியப் பிரிண்ட்: வாங்குவது, சட்டமிடுவது, மாட்டுவது

1. சுவர்

கடைக்குப் போகும் முன் சுவரைப் பாருங்கள். முட்டைச் சாந்து பூசி மெருகேற்றிய சுவரில் தயவுசெய்து டிரில் போடாதீர்கள். பூச்சு பெயர்ந்தால் அதே பதத்தில் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது. ரவிவர்மா படங்கள் மாட்டியிருந்த பழைய ஆணி உறுதியாக இருந்தால் அதுவே போதும். வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) வெயிலோ சாரலோ நேராக விழும் இடம் வேண்டாம். நம் வீட்டுச் சுவர்கள் உயரமானவை, சின்னப் படம் எடுபடாது. செய்தித்தாளை 24×36 அங்குலத்துக்கு ஒட்டி, ஒருவரைப் பிடிக்கச் சொல்லித் தள்ளி நின்று பாருங்கள்.

2. ஓவியம்

இந்தியாவில் ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. அரூப ஓவிய முன்னோடிகளான கண்டின்ஸ்கி, மோந்திரியான் இருவரும் 1944இல் மறைந்தவர்கள். அதனால் அவர்கள் படங்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், தரமும் ஆளுக்கு ஆள் மாறும். நம் நாட்டு ஓவியர்களான, 2016இல் மறைந்த எஸ்.எச். ரசா, 1977இல் மறைந்த கே.சி.எஸ். பணிக்கர் படங்களென்றால் உரிமை பெற்ற அச்சா என்று கேளுங்கள்.

என் பரிந்துரை பணிக்கர்தான். சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். ஜாதகக் கட்டம் போன்ற வடிவங்களும் எழுத்துமாதிரி கோடுகளும் நிறைந்த அவர் படத்தின் முன், இதெல்லாம் புரியாது என்கிற ஆச்சிகூடக் கொஞ்ச நேரம் நிற்பார்.

3. அச்சு

'மியூசியம் தரம்' என்று யாரும் போட்டுக்கொள்ளலாம், அதற்கு முத்திரை கிடையாது. கேட்க வேண்டியது இதுதான்: மை பிக்மென்ட்டா (நிறத்துகள் மை), டையா (கரையும் சாய மை)? டை சீக்கிரம் வெளுக்கும். தாள் அமிலமில்லாத முழுப் பருத்தியா, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவுக்குக் கனம் உண்டா? அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால், 24×36 படத்துக்கு மூலக் கோப்பு 7200×10800 பிக்சல் இருக்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள்.

4. சட்டம்

கண்ணாடி போட்டுக் கூரியரில் வரவழைப்பது வீண் அபாயம். அச்சை மட்டும் குழாயில் சுருட்டி வாங்கி, காரைக்குடியிலேயே சட்டமிடுங்கள். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குச் சட்டங்கள் தேடலாம். ஆனால் பின்பலகையைக் கண்டிப்பாக மாற்றுங்கள்; பழைய மரத்தின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். கண்ணாடி அச்சைத் தொடாதபடி நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வேண்டும். பசை பூசி முழுதாக ஒட்ட விடாதீர்கள். ஈரத்தில் தாள் விரியும், மேல் விளிம்பில் மட்டும் பிடித்தால் சுருங்கி விரிய இடமிருக்கும். ராமபாணப் பூச்சி நுழையாமல் பின்பக்கம் முழுக்கத் தாள் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

5. மாட்டுதல்

படத்தின் நடு, தரையிலிருந்து 58 அங்குலம். பழைய ஆணி உயரத்தில் இருந்தால் கம்பியை நீளமாக விடுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் வில்லை ஒட்டினால் பின்னால் காற்று போகும், சாந்தும் கீறாது. ஐப்பசி மழை முடிந்ததும் ஒரு தடவை இறக்கிப் பின்பக்கம் ஈரம் தட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.