சப்பாத்துக் கடைக்கு ஒரு மட்டையோடு போங்கள்

பின்னேரத்தில் பிள்ளையை ஒரு காட்போட் மட்டையின் மேல் நிற்க வைத்து, இரண்டு பாதங்களையும் பென்சிலால் வரையுங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் கூட்டி வெட்டி, கடையில் அதைச் சப்பாத்துக்குள் விட்டுப் பாருங்கள். மடங்காமல் தட்டையாகக் கிடந்தால் அளவு சரி.

நாள் முழுக்க ஓடித் திரிந்த கால் பின்னேரம் சற்றுப் பெருத்திருக்கும். நிற்கும்போது பாதமும் விரியும். யூகே அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர்தான், ஒரே நம்பரின் நீளமும் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். மட்டை கையில் இருந்தால் கொழும்பில் வெள்ளவத்தை, புறக்கோட்டை என்று பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வெயிலில் அலையத் தேவையில்லை. விலை கூடிய பிராண்டையும் சாதாரணச் சோடியையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடலாம். இரண்டுமே பொருந்தினால் மலிவானதை எடுங்கள். ஐந்து வயதுக்குள் எந்தச் சப்பாத்தும் சில மாதங்களில் சின்னதாகிவிடும்.

மட்டை நீள அகலத்தை மட்டுமே காட்டும். புறங்கால் உயர்ந்த பிள்ளையென்றால் நேரில் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். வைத்தியர் குறிப்பிட்ட சப்பாத்து என்றால் அவர் சொன்னதையே வாங்குங்கள். அப்புறம், இரண்டு மூன்று மாதப் பழைய மட்டையைக் கொண்டுபோகாதீர்கள்.