தோள் அகலத் தெரிய, டம்பெல் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள்

தோளை அகலமாகக் காட்டுவது பக்கவாட்டில் இருக்கும் டெல்டாய்டு தசை. அதற்கு நேரடியாக வேலை கொடுப்பது லேட்டரல் ரெய்ஸ், அதாவது டம்பெல்லைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சி. ஜிம்மில் பலர் 10 கிலோ டம்பெல்லை எடுத்துக்கொண்டு இடுப்பை ஆட்டி ஆட்டி வீசுவார்கள். நானும் ஆறு மாதம் அப்படித்தான் வீசினேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

3 அல்லது 4 கிலோ போதும். முழங்கையை லேசாக மடக்கி, கையை நேர் பக்கவாட்டில் இல்லாமல் கொஞ்சம் முன்பக்கமாக வைத்து உயர்த்துங்கள். முழங்கை தோள் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: தூக்கும்போது தோள் காதை நோக்கி ஏறினால், வேலை கழுத்தோரத்து ட்ரபீசியஸ் தசைக்குப் போய்விடும். கண்ணாடி முன் நின்றால் உடனே தெரியும். அப்புறம், இறக்கும்போது தொப்பென்று போடாமல் மனசுக்குள் மூன்று எண்ணி இறக்குங்கள்.

12 முதல் 15 முறை, 3 செட், வாரம் இரண்டு நாள். கடைசி இரண்டு முறைக்கு உடம்பு ஆட ஆரம்பித்தால் எடை அதிகம் என்று அர்த்தம். வீட்டில் டம்பெல் இல்லையா? 2 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஏறக்குறைய 2 கிலோ; தொடங்க அது போதும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.