தசைகளுக்கு உதவும் முருங்கையிலை வறை

நாள் முழுவதும் வெங்காயப் பாத்தி கொத்தியவருக்கு மறுநாள் தோளும் தொடையும் நோவது ஏனென்றால், கடும் உழைப்பால் தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவுகளைச் சீர்செய்ய உடல் அழற்சியைத் தூண்டுகிறது. தசைக் கலங்களுக்குள் எளிதில் தாக்கமுற்றுக் கலத்தைச் சேதப்படுத்தக்கூடிய ஒட்சிசன் மூலக்கூறுகளும் பெருகுகின்றன. முருங்கையிலையிலும் வெங்காயத்திலும் உள்ள குவர்செற்றின், மஞ்சளிலுள்ள குர்குமின் ஆகிய தாவரச் சேர்மங்கள், கலத்தின் சொந்தப் பாதுகாப்பு நொதியங்களைத் தூண்டி அழற்சிச் சமிக்ஞைகளைத் தணிப்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

இலையை உருவிக் கழுவி நீரை நன்றாக வடியவிடுங்கள். அவித்து நீரை ஊற்றிவிட்டால் குவர்செற்றினில் ஒரு பகுதியும் அதனோடு போய்விடும். ஆகவே வறைதான் சிறந்தது. சின்ன வெங்காயத்தை உரிக்கும்போது காய்ந்த தோலை மட்டும் நீக்குங்கள், ஏனெனில் அதற்கு அடுத்த சிவந்த இதழ்களில்தான் குவர்செற்றின் செறிந்திருக்கிறது. தாச்சியில் நல்லெண்ணெய் விட்டு வெங்காயத்தை வதக்கி, மஞ்சள்தூளை அந்த எண்ணெயிலேயே சேருங்கள். குர்குமின் நீரில் அரிதாகவே கரையும், கொழுப்பில் கரையும். பிறகு இலை, உப்பு, தேங்காய்ப்பூ சேர்த்து, இலை சுருண்டும் பச்சை மாறாதிருக்கையில் இறக்கி, மிளகுதூள் தூவுங்கள். மிளகிலுள்ள பைப்பரின், குர்குமின் இரத்தத்தில் சேர்வதைப் பெருமளவு கூட்டுவதாக 1998 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதில் கொடுக்கப்பட்ட 2 கிராம் குர்குமின் ஒருவேளைக் கறியில் கிடைக்காது என்பதையும் சொல்லவேண்டும்.

அதற்காகக் குர்குமின் குளிசைகளை நாடவேண்டாம். குறிப்பாக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடவே கூடாது.