ரீமேட்ச் கணிப்பு: சறுக்கும் இடங்கள்

சவுதியிலோ லண்டனிலோ நடக்கிற பெரிய ஹெவிவெயிட் குத்துச்சண்டை, பெங்களூருக்கு வந்து சேரும்போது ஞாயிறு விடியற்காலை மூன்று, நான்கு மணி ஆகிவிடுகிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பாதி ரசிகர்கள் தூங்கி எழுந்து, செல்போனில் பத்து நிமிடத் துணுக்கைப் பார்த்துவிட்டு, "ரீமேட்ச் வெச்சா இவன்தான் மச்சி" என்று டிபன் முடிவதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். முதல் தவறு அதுதான். துணுக்கில் பட்ட குத்து மட்டுமே இருக்கும். காற்றில் போன குத்தும், எந்த ரவுண்டில் யாருக்குக் கால் கனத்தது என்பதும் வெட்டுப்பட்டிருக்கும். ரீமேட்சை, அதாவது அதே இருவரின் மறுமோதலை, கணித்துச் சொல்வதற்கு வேண்டியவையோ இவைதான்.

முழுச் சண்டையை மியூட்டில் பாருங்கள். வர்ணனையாளரின் உற்சாகம் நம் கண்ணை மாற்றிவிடும். காகிதத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: இவருக்குத் தெளிவான ரவுண்டு, அவருக்குத் தெளிவான ரவுண்டு, யாருக்கும் கொடுக்கலாம் என்கிற ரவுண்டு. மூன்றாவது கட்டத்தில் நான்கைந்து விழுந்தால், "அவர் ஏற்கெனவே ஜெயித்தவர்" என்ற பேச்சுக்குப் பெரிய மதிப்பில்லை.

2024 மே மாதம் ரியாத்தில் உக்ரைனின் உசிக்கும் பிரிட்டனின் ஃப்யூரியும் மோதிய சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஜட்ஜுகளின் ஸ்கோர்கார்டுகள் (முதல் எண் உசிக்குக்கு) 115-112, 113-114, 114-113. இரண்டு உசிக்குக்கு, ஒன்று ஃப்யூரிக்கு. ஒன்பதாவது ரவுண்டில் தள்ளாடிய ஃப்யூரியைக் கயிறுதான் தாங்கியது, அது விழுந்ததற்குச் சமம் என்று ரெஃப்ரி ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கினார். வழக்கமாக ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9, விழுந்தால் 8. அதனால் அந்த ரவுண்டு 10-8. எண்ணாமல் விட்டு 10-9 ஆகியிருந்தால் கார்டுகள் 115-113, 113-115, 114-114. டிரா! ஒரு ரெஃப்ரியின் ஒரு நொடி முடிவு. இத்தனை நெருக்கமான சண்டையில் பெயரளவு வெற்றியை வைத்து அடுத்ததைச் சொல்வது வீண். அதைவிட, ஒன்பதாவது ரவுண்டில் உசிக்கின் இடது கை எப்படி நுழைந்தது, ஃப்யூரியால் அதை அடைக்க முடியுமா என்று கேட்பது பயனுள்ள கேள்வி. டிசம்பர் ரீமேட்சில் அவரால் முடியவில்லை. மூன்று ஜட்ஜுகளும் உசிக்குக்கு 116-112 கொடுத்தார்கள்.

தோற்றவர் செய்த பிழை திருத்தக்கூடியதா, அவரோடு ஊறியதா? இதைப் பிரித்துப் பார்க்காததுதான் பெரும்பாலான கணிப்புகளைக் கவிழ்க்கிறது. 1936-இல் அமெரிக்காவின் ஜோ லூயிஸ் ஜாப் (முன்கையால் நேராகப் போடும் வேகக் குத்து) போட்டுவிட்டு இடது கையைத் தாழ்வாகவே திரும்ப எடுத்தார். எதிராளியான ஜெர்மனியின் ஷ்மெலிங் அதைக் கவனித்து, அந்த இடைவெளியில் வலது கையை இறக்கி 12-ஆவது ரவுண்டில் முடித்தார். பயிற்சிக்கூடத்தில் திருத்தக்கூடிய பழக்கம் அது. 1938-இல் லூயிஸ் 2 நிமிடம் 4 நொடியில் பழி தீர்த்தார். 2021-இல் உசிக்கிடம் தோற்ற ஆண்டனி ஜோஷுவாவின் கதை வேறு. இடக்கை ஆட்டக்காரரான உசிக் காலை நகர்த்தி உண்டாக்கும் கோணத்தை ஒரு வருடப் பயிற்சியில் யாரும் அடைத்துவிட முடியாது. ஜோஷுவா ராபர்ட் கார்சியாவைப் பயிற்சியாளராகச் சேர்த்தார், உடம்பில் அதிகம் குத்தினார், ஒரு ஜட்ஜைத் தன் பக்கம் இழுத்தார். அதற்கு மேல் நகரவில்லை, மறுபடியும் தோற்றார்.

எடையைப் பார்த்து ஏமாறுவது தனி ரகம். ஆண்டி ரூயிஸ் ஜோஷுவாவோடு 2019 ஜூனில் 268 பவுண்டு, ஜெயித்தார். டிசம்பரில் 283.7, தோற்றார். ஃப்யூரி வைல்டரோடு முதல் சண்டையில் 256.5, இரண்டாவதில் 273. ஏழாவது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டு ஜெயித்தார். அதே ஃப்யூரி உசிக்கோடு 262-இலிருந்து 281-க்குப் போய்த் தோற்றார், அதுவும் உடையோடு தராசில் ஏறிய எண். ஆக, எண்ணுக்குத் தனியாக அர்த்தமில்லை. முன்னால் நடந்து வந்து சாய்ந்து அழுத்தப் போகிறவருக்கு 15 பவுண்டு உதவும். கால் வேகத்தைத் துரத்தவேண்டியவருக்கு அது சுமை.

இடமும் அப்படித்தான். 2001 ஏப்ரலில் லெனாக்ஸ் லூயிஸ் ஹசிம் ரஹ்மானிடம் விழுந்தது தென்னாப்பிரிக்காவின் பிரக்பானில், கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில். நம் பெங்களூரே 900 சொச்சம்தான். ரஹ்மான் முன்கூட்டியே போய் அந்த மெல்லிய காற்றுக்கு உடம்பைப் பழக்கினார். லூயிஸ் தாமதமாக, 253.5 பவுண்டோடு வந்தார். நவம்பரில் லாஸ் வேகஸில் லூயிஸ் 246.5 பவுண்டோடு வந்து, ரஹ்மானை நான்காவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார்.

"அ, ஆ-வை அடித்தார், ஆ, இ-யை அடித்தார், ஆகவே அ, இ-யை அடிப்பார்" என்கிற கணக்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அலியைத் தோற்கடித்த ஃப்ரேஸியரையும் நார்டனையும் ஜார்ஜ் ஃபோர்மன் தலா இரண்டே ரவுண்டில் முடித்தார். 1974 அக்டோபரில் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அலி எட்டாவது ரவுண்டில் அவரை வீழ்த்தினார்.

அலியும் ஃபோர்மனும் மறுபடி மோதவே இல்லை. அதனால் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்பது முடியாத வாதம். வாதம் வீணாவதற்குக் காரணம், ஒருவர் 1975-ஐ நினைத்துக்கொண்டு பேசுவார், மற்றவர் 1977-ஐ. தேதி, ஊர், ரவுண்டு எண்ணிக்கை, கயிறின் இறுக்கம் எல்லாவற்றையும் முதலில் பேசி முடித்துவிடுங்கள். 1976 கோடை, லாஸ் வேகஸ், குளிரூட்டிய அரங்கம், இறுக்கமான கயிறு, 15 ரவுண்டு என்று வையுங்கள். கின்ஷாசாவின் புழுக்கமும் தொய்ந்த கயிறும் இங்கே இல்லை. அந்தக் கயிற்றின் மேல் சாய்ந்துதான் அலி அடி வாங்கிக்கொண்டு ஃபோர்மனைக் களைக்க வைத்தார். மேலும் கின்ஷாசாவுக்கு முந்தைய மூன்று பட்டச் சண்டைகளும் சேர்த்து ஃபோர்மன் ஆடியது ஐந்து ரவுண்டுதான். நீளமான இரவுக்கு அவர் தயாராகவே இல்லை. 1976-இல் பயிற்சியாளர் கில் கிளான்சி அவரை நிதானமாக ஆடப் பழக்கியிருந்தார். எதிர்த்தட்டில், அந்த ஏப்ரலில் அலி 230 பவுண்டோடு ஜிம்மி யங்கிடம் திணறியே ஜெயித்தார். ஆனால் அடுத்த வருடம் அதே யங்கிடம் ஃபோர்மன் 12 ரவுண்டில் புள்ளிகளில் தோற்றார்: பின்பாதியில் மூச்சு வாங்கும் பழக்கம் போகவில்லை.

இதை "உறுதியா" என்று சொல்லாமல், நூறைப் பங்கு போடுங்கள். எங்கள் கணக்கு: ஃபோர்மன் முதல் ஆறு ரவுண்டுக்குள் நாக் அவுட் 35, பிறகு ஏதோ ஒரு வழியில் 10, அலி புள்ளிகளில் 30, அலியின் தாமதமான நாக் அவுட் 23, டிரா 2. அலிக்கு 53, ஃபோர்மனுக்கு 45. பந்தயத் தளங்களின் எண்ணை இதோடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும்: ஒருவருக்கு 1.50, மற்றவருக்கு 2.80, டிராவுக்கு 17 என்றிருந்தால் நூறை ஒவ்வொன்றாலும் வகுத்துக் கூட்டுங்கள், 108 வரும். நூறுக்கு மேலேயுள்ள எட்டு அவர்களுடைய லாபம். அதைக் கழிக்காமல் "இவருக்கு 67 சதவீதம்" என்று எழுதக் கூடாது. கயிறைக் கொஞ்சம் தளர்த்தினால் ஃபோர்மனின் 35-இலிருந்து ஐந்தை எடுத்து அலியின் நாக் அவுட்டில் சேர்ப்போம். 12 ரவுண்டாகக் குறைத்தால் அந்த 23-இலிருந்து ஏழெட்டு கழியும்.