வீட்டு லேத்தில் முதலில் கடைய வேண்டியவை: டேப் கைடு, டை ஹோல்டர், பித்தளைச் சுத்தியல்

சின்ன லேத் ஒன்றை வாங்கிக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் போட்டாயிற்றா? சரி. ஊருக்குள் சேதி பரவி, ஆளுக்கொருவர் பவர் டில்லர் பின்னையும் பம்ப்செட் புஷ்ஷையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் லேத்துக்கே தேவையான நாலு சாமான்களைச் செய்துகொள்ளுங்கள். கடையில் கிடைக்கும்தான். ஆனால் செய்து பார்த்தால்தான் லேத் வேலையின் அடிப்படை கைக்கு வரும். ஒன்றோடொன்று மையம் சேர வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பிடியில், சக்கிலிருந்து (ராடைக் கவ்விச் சுற்றும் பிடி) கழற்றாமல் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அது. த்ரீ ஜா (மூன்று தாடை) சக்கில் ஒரு தடவை கழற்றி மறுபடி மாட்டினால் பழைய மையத்துக்கு வராது, 0.05 முதல் 0.1 மில்லி வரை ஆட்டம் காட்டும்.

அதற்கு முன் லேத் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கம் களிமண் பூமி, மழைக்கு ஊதி கோடைக்கு வெடிக்கிற மண். மேலே போட்ட சிமெண்ட் தரையும் அதோடு கொஞ்சம் அசையும், தரை அசைந்தால் பெட் (லேத்தின் நீண்ட அடிப்பாகம்) முறுக்கிக்கொள்ளும். 25 மில்லி ராடு ஒன்றை 120 மில்லி வெளியே நீட்டிப் பிடித்து, டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர் முனையில் ராடைத் தாங்கும் பாகம்) கொடுக்காமல், இரண்டு முனையிலும் ஒரு சிறு பட்டை மட்டும் விட்டு நடுவைக் குறைத்துவிடுங்கள். டூலை முன்னே பின்னே தள்ளாமல் இரண்டு பட்டைகளையும் ஒரே கட்டிங்கில் லேசாக ஓட்டி மைக்ரோமீட்டரில் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 0.02க்கு மேல் வித்தியாசம் வந்தால் டெயில் ஸ்டாக் பக்கத்துக் காலுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, கோடை நடுவில் ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

கரண்ட் விஷயம்: போர் மோட்டார் லைன் பக்கத்தில்தானே போகிறது என்று அதிலிருந்து வயர் இழுக்காதீர்கள். அது பாசனத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பு. வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் நன்றாகவே ஓடும். ராத்திரி வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் மட்டும் கனமான கட்டிங் கொடுக்காமல் இருந்தால் மோட்டார் சூடாகாது.

இரும்புக்கு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பிரைட் பார் கேட்டு வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் ஷாக் அப்சார்பர் ராடு பளபளவென்று கண்ணை இழுக்கும், ஆனால் மேலே இருக்கும் குரோம் தோல் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலை மழுக்கிவிடும், ஆரம்பத்தில் அது வேண்டாம். பித்தளை நமக்குப் பிரச்சினையே இல்லை, கும்பகோணம், நாச்சியார்கோயில் பக்கம் கேட்டால் எடைக்குக் கிடைக்கும். வார்ப்புப் பித்தளையாக இருந்தால் உள்ளே குமிழ் ஓட்டை இருக்கலாம், அதனால் தேவைக்கு மேல் கொஞ்சம் நீளமாக வாங்கிவிடுங்கள்.

வேகத்துக்கு ஒரு சுலபக் கணக்கு. எச்.எஸ்.எஸ். டூலில் எம்.எஸ். கடைய 8000த்தை ராடின் விட்டத்தால் வகுத்தால் நிமிடச் சுற்று வந்துவிடும். 40 மில்லி ராடுக்கு 200. பித்தளைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. டூல் முனை மையத்தில் இருக்கிறதா என்று பார்க்க, லேத் நின்றிருக்கும்போது 6 அங்குல ஸ்டீல் ஸ்கேலை ராடுக்கும் டூலுக்கும் நடுவில் லேசாக நெருக்கிப் பிடியுங்கள். ஸ்கேல் நட்டுக்குத்தாக நின்றால் சரி. தலை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஏறியிருக்கிறது.

லேத் ஓடும்போது தோளில் துண்டு கூடாது, கையில் கயிறு கூடாது, வேட்டியோ கைலியோ கட்டிக்கொண்டு கிட்டே போகவே கூடாது. கையுறையும் போடக்கூடாது. சக் சாவியைக் கையிலிருந்து விடுவதென்றால் அது சக்கை விட்டு வெளியே வந்த பிறகுதான்.

முதல் வேலை டேப் கைடு. ஓட்டைக்குள் மறை (திருகு வரி) வெட்டுவதுதான் டேப். கையால் டேப் போட்டால் பத்துக்கு எட்டு கோணலாகத்தான் இறங்கும், அதை நேராகத் தள்ளிக்கொண்டே இருப்பதற்கு ஸ்பிரிங் வைத்த ஒரு முனை இது. 12 மில்லி ராடு 80 நீளம், ஃபேசிங் எடுத்து (முனை முகத்தைத் தட்டையாகக் கடைந்து) சென்டர் டிரில் போட்டு, 8 மில்லி ஓட்டை 50 ஆழத்துக்கு இறக்குங்கள். மீதி 30 கெட்டியாக இருக்கட்டும், அந்தப் பக்கத்தைத்தான் டிரில் சக் பிடிக்கப்போகிறது, ஓட்டைப் பக்கம் பிடித்தால் சுவர் நசுங்கிவிடும். உள்ளே போகும் தண்டு 40 நீளம், வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு 7.95 வாக்கில். ஒரு முனையில் காம்பவுண்டு ஸ்லைடை (டூலைத் தாங்கும், கோணத்துக்குத் திரும்பும் மேல் ஸ்லைடு) 30 டிகிரி திருப்பி 60 டிகிரிக் கூர், மறு முனையில் சென்டர் டிரிலால் ஒரு குழி. பெரிய டேப்பின் வாலில் குழி இருக்கும், சின்ன டேப்பின் வால் கூராக இருக்கும், தண்டைத் திருப்பிப் போட்டால் இரண்டுக்கும் ஆகும். தண்டு நடுவில் அரத்தால் ஒரு தட்டைப் பக்கம் ராவி, வெளியிலிருந்து எம்3 (3 மில்லி) கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) அதைத் தொடாமல் தொட்டு நிற்கும்படி வைத்தால் தண்டு வெளியே துள்ளாது. பின்னால் ஒரு ஸ்பிரிங். பேனா ஸ்பிரிங் பத்தாது, கொஞ்சம் கெட்டியானது வேண்டும்.

அடுத்தது டை ஹோல்டர், ராடின் மேல் மறை வெட்டும் வட்டமான டையைப் பிடிக்கும் சாமான். மூன்றில் பெரிய வேலை இதுதான். டெயில் ஸ்டாக்கில் ஒரு தண்டு, அதன்மேல் முன்னும் பின்னும் வழுக்கும் ஒரு உருளை, உருளையின் முகத்தில் டை. முதலில் உங்களிடம் இருக்கும் எம்8 டையை அளந்து பாருங்கள். 25 மில்லியும் உண்டு, ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லியும் உண்டு. அட்டையில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், வெர்னியரை நம்புங்கள்.

உருளைக்கு 40 மில்லி ராடு. 55 மில்லி வெளியே நீட்டிப் பிடித்து வெளிப்பக்கத்தை 38க்குக் கடைந்து, நர்லிங்கை (கை வழுக்காதிருக்கப் போடும் சொரசொரப்பு வரி) அப்போதே போட்டுவிடுங்கள். நர்லிங் பக்கவாட்டில் பலமாக அழுத்தும், ஓட்டையெல்லாம் சுத்தமாக முடித்த பிறகு அதைப் போட்டால் ராடு சக்கில் அசைந்து மையம் போய்விடும். பிறகு சென்டர் டிரில், 6, 10, 13 என்று படிப்படியாக டிரில், போரிங் டூலால் 16க்கு 50 ஆழம். கழற்றாமல், அதே பிடியில், முகத்தில் டை உட்காரும் பள்ளம்: டையைவிட 0.1 மில்லி பெரிது, ஆழம் டையின் தடிமன், எம்8க்குப் பெரும்பாலும் 9 மில்லி. ஓட்டையும் பள்ளமும் ஒரே மையத்தில் வந்தாயிற்று. இனி 48 மில்லி நீளத்தில் ராடை அறுக்கலாம். சின்ன லேத்தில் 38 மில்லியைப் பார்ட்டிங் டூலால் வெட்டப் போனால் டூல் கடித்துக்கொள்ளும், ஆக்சா பிளேடே போதும். பின்முகம் எப்படி இருந்தாலும் கவலையில்லை, திருப்பிப் பிடித்து ஃபேசிங் எடுத்துக்கொள்ளலாம்.

தண்டை இப்போதுதான் கடைய வேண்டும், முன்னால் அல்ல. உள் ஓட்டையைச் சொன்ன அளவுக்குக் கொண்டுவருவது கஷ்டம், வெளி விட்டத்தை ஓட்டைக்கு ஏற்ற மாதிரி குறைப்பது சுலபம். 20 மில்லி ராடை 110 நீட்டி, டெயில் ஸ்டாக் சென்டர் கொடுத்து, முனையில் 30 நீளம் 12 மில்லிக்கும், அடுத்த 60 நீளம் உருளைக்குப் பொருந்தும் அளவுக்கும் கடையுங்கள். டிரில் சக் பிடிக்கும் 12 மில்லியும் உருளை ஓடும் 16 மில்லியும் இங்கேயும் ஒரே பிடிதான். இடைவெளி 0.03 முதல் 0.05 வரை. கடைசியில் 0.05, 0.05 ஆகக் குறைத்து வாருங்கள், டயலில் 0.05 நகர்த்தினால் விட்டத்தில் 0.1 குறையும் லேத்தா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது அளக்காதீர்கள், சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்து அளப்பது நல்லது. அறுத்த பிறகு திருப்பிப் பிடித்து, தடித்த முனையில் 8.5 ஓட்டை 50 ஆழம். மறை போட்ட ராடு உள்ளே போக வழி வேண்டுமே, அதற்கு மட்டும்தான் இது, கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை.

பள்ளத்தின் பக்கவாட்டில் எம்5 ஸ்க்ரூ மூன்று: ஒன்று டையின் பிளவுக்கு நேராக, மற்ற இரண்டு அதன் குழிகளுக்கு நேராக. 4.2 டிரில் போட்டு, டிரில்லிங் மெஷின் சக்கிலேயே டேப் கைடைப் பிடித்து, மோட்டாரைப் போடாமல் கையால் டேப் போடுங்கள், தானாக நேராக இறங்கும். உருளை இடுப்பில் எம்8 மறை ஒன்று, கைப்பிடிக்கு.

பயன்படுத்தும்போது ராடை 7.9க்குக் குறைத்து முனையைச் சரித்துவிட்டு, சக்கைக் கையால்தான் சுற்ற வேண்டும். எழுத்து இருக்கும் முகம் வேலையைப் பார்த்திருக்கட்டும். ஒரு சுற்றுக்கு அரைச் சுற்று பின்னால் திருப்பினால் சுருள் உடைந்து விழும். எண்ணெய் தாராளமாக.

இப்போது சுத்தியல், இதற்கு முந்தைய இரண்டும் வேலை செய்யும். 30 மில்லி பித்தளை, 60 நீளம், இரு முகமும் ஃபேசிங், ஓரம் லேசாகச் சரிவு. பிறகு ஃபோர் ஜா சக்கில் (நாலு தாடையும் தனித்தனியாக நகரும் சக்) குறுக்கே பிடித்து 6.8 டிரில், எம்8 டேப், பின்னால் டேப் கைடு. பித்தளையில் டிரில் சரேலென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், அதன் வெட்டு விளிம்பை எண்ணெய்க் கல்லில் ஒரு தேய் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டால் இழுக்காது. கைப்பிடி 12 மில்லி எம்.எஸ்., 200 நீளம், பிடிக்கும் இடத்தில் நர்லிங், முனையில் 18 மில்லிக்கு டை ஹோல்டரால் மறை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் தண்டையும் தட்டையும் பூட்டுவதும் இதே மறை முறையில்தான். அங்கே அடிக்கடி கழற்றித் துலக்க வேண்டும், இங்கே தானாகக் கழலவே கூடாது, அதனால் த்ரெட் லாக் (மறைக்கு விடும் பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள்.

இந்தச் சுத்தியல் ஆணி அடிக்க இல்லை. ஃபோர் ஜா சக்கில் டயல் கேஜ் வைத்து ராடை மையத்துக்குத் தட்டிக் கொண்டுவரவும், இறுகிப்போன பின்னைக் காயமில்லாமல் தள்ளவும்தான். முகம் நாளாவட்டத்தில் மழுங்கும், கைப்பிடியைக் கழற்றி ஒரு ஃபேசிங் எடுத்தால் முடிந்தது. டை ஹோல்டர் தண்டில் மட்டும் துரு ஏற விடாதீர்கள், ஐப்பசி ஈரத்தில் ஒரே வாரத்தில் சிவந்துவிடும், அப்புறம் அந்த 0.03 இடைவெளியில் உருளை வழுக்காது. ஆயுத பூஜைக்கு லேத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போதே தண்டிலும் பெட்டிலும் கெட்டி எண்ணெய் தடவி வைத்தால் தை வரைக்கும் தாங்கும்.