டெல்டா பக்கம் வீட்டோடு தங்கப் போகிறீர்களா?

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் வருகிறவர்கள் பலரும் லாட்ஜில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, கோயில் கோயிலாக ஓடிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மனசே கேட்பதில்லை. அறையும் காலைப் பலகாரமும் தருகிற ஒரு வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிப் பாருங்கள்.

இங்கே பெரும்பாலான கோயில்கள் நண்பகல் வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். கொளுத்துகிற வெயிலில் அதுவரை எங்கே போவது? பழைய வீடு என்றால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க் கொல்லையில் முடியும். சூடு முற்றத்து வழியாக மேலே ஏறிவிடும், கூடத்தில் பாயை விரித்துப் படுத்தால் நல்ல தூக்கம் வரும், சாயங்காலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு தாராசுரமோ சுவாமிமலையோ போய்வரலாம், இரண்டுமே கும்பகோணத்துக்குப் பக்கம்தான்.

படத்தைப் பார்த்து மட்டும் முன்பணம் கட்டாதீர்கள். போன் போட்டுப் பேசுங்கள். வீட்டுக்காரர்கள் அங்கேயே குடியிருக்கிறார்களா, சமையல் யார் என்பதுதான் முதல் கேள்வி. டிபன் ஓட்டலிலிருந்து வரும் என்றால் வேறு வீடு பாருங்கள், கறாராகவே சொல்கிறேன். பாத்ரூம் அறையோடு சேர்ந்ததா, வயதானவர்கள் கூட வந்தால் மாடி ஏற வேண்டியிருக்குமா, கார் டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அசைவம் வாங்கிவந்து சாப்பிடலாமா என்பதையும்தான், சில வீடுகளில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். காலையில் என்ன வேண்டுமென்று முந்தின ராத்திரியே சொல்லிவிடுங்கள். கும்பகோணம் என்றால் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து மசித்து, தேங்காய், சோம்பு, கசகசா, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிவார்கள். சூடான இட்லி மூழ்கும் அளவுக்கு ஊற்றிக்கொண்டு, சாம்பாரைத் தொடாமல் சாப்பிட வேண்டும். அப்புறம் டபரா செட்டில் காபி, முதல் டிகாக்‌ஷனில். வீட்டம்மா சமைக்கும்போது பக்கத்தில் நின்று பக்குவம் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள், ஆனால் அடுக்களைக்குள் நுழையுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது வரலாம்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வயலெல்லாம் பச்சையாக இருக்கும், ஆனால் புயல் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்குப் பிடித்தது பொங்கலையொட்டிய நாட்கள்தான், சம்பா அறுவடையும் பார்க்கலாம். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையும் அநேகமாக ஜனவரியில்தான் வரும் என்பதால், தேதி பார்த்து முன்கூட்டியே அறையைப் பிடித்துவிடுங்கள். 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம். அதற்கு வர நினைப்பவர்கள் முந்தின வருடமே வீட்டுக்காரரிடம் பேசிவைத்துக்கொள்வது நல்லது.